லூபஸ் இருக்கா? மூளைக்குப் போற ரத்தக்குழாயையும் கவனிடி!

காஞ்சிபுரம் ஓரிக்கைப் பக்கம் ஒரு பொண்ணுக்கு வாய் கோணினா முதல்ல 'பித்தம்'பாங்க, அப்புறம் 'திருஷ்டி'ன்னு எலுமிச்சம்பழம் தேடுவாங்க. முப்பது வயசுல பக்கவாதமான்னு கேக்காத. லூபஸ் இருந்தா வரலாம். தறியை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் இதைப் படி.

1. லூபஸ்ல நம்மைக் காக்கற சக்தியே நம்மைத் தாக்குது. சிலருக்கு ரத்தத்தை உறைய வைக்கற ஆன்டிபாடியும் சேர்ந்து உண்டாகும். அந்த ரத்தக்கட்டி மூளைக்குழாயை அடைச்சா ஸ்ட்ரோக். குழாய்ச் சுவரே அழற்சியாகறதும் உண்டு, ஆனா அது அபூர்வம்.

2. அந்த ஆன்டிபாடி இருக்கான்னு பார்க்கற 'ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட் எடுத்தாச்சா'ன்னு டாக்டரை வாய்விட்டுக் கேளு. பாசிட்டிவ்னு வந்தா 12 வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். 'அதான் பார்த்தாச்சே'ன்னு நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். கரு கலைஞ்சிருந்தா அதையும் சொல்லு, மாமியார் பக்கத்துல இருக்காங்கன்னு முழுங்காத. அதுக்கும் இதே ஆன்டிபாடி காரணமா இருக்கலாம்.

3. வரதர் கருடசேவை வருதுன்னு மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல்ல மாத்திரை வாங்கறியே, அதை முதல்ல நிறுத்து! ஹார்மோன் மாத்திரை சிலது ரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டும். அந்த ஆன்டிபாடி இருக்கறவ ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடவே கூடாது. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்.

4. தெருவுல பாவு விரிக்கற வேலையை வீட்டுக்காரர்கிட்ட விடு. வெயில் பட்டா லூபஸ் கிளம்பும்.

5. உடம்பு தேவலைன்னு ஸ்டீராய்டை நீயா திடீர்னு நிறுத்தாத. 'எதிர்ப்பு சக்தி' பொடியும் வேண்டாம், உனக்கு அந்த சக்தி ஏற்கெனவே அடங்காம ஆடுது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிட்டா கீரையை வாராவாரம் ஒரே அளவா வெச்சுக்கோ. பி.பி.யைப் பார்த்துக்கிட்டே இரு.

6. வாய் கோணல், ஒரு பக்கம் கை தொய்வு, பேச்சுக் குழறல், திடீர்னு பார்வை மங்கல் எது வந்தாலும் உடனே 108. எப்போ ஆரம்பிச்சதுன்னு மணி பார்த்து வை. கட்டியைக் கரைக்கற ஊசியை 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். சோடா, காபி எதுவும் வாயில ஊத்தாதீங்க, புரையேறும். ஆஸ்பிரினும் கூடாது. அடைப்பா, ரத்தக்கசிவான்னு ஸ்கேன் பார்த்தாதான் தெரியும். 'லூபஸ் இருக்கு'ன்னு முதல் வார்த்தையா சொல்லணும், வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வை.

7. அவசரம் இல்லாத செக்கப்புக்கு சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில லூபஸைப் பார்க்கற முடக்குவாதப் பிரிவு (ருமட்டாலஜி) இருக்கு. காஞ்சிபுரத்துல பீச் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கற தூரம். ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதிவாரியா ஒரே ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போ. புடவைக் கடைப் பையில கசக்கித் திணிச்சுட்டுப் போய் நிக்காத.