பழைய மேக்புக்கில் லினக்ஸ்: பூட்லோடர் குறிப்புகள்

புதிய மேக்ஓஎஸ் ஏற மறுக்கும் இன்டெல் மேக்புக்கைப் வந்த விலைக்குத் தள்ளிவிட அவசரப்படாதீர்கள். லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். முதல் வேலை, கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுப்பது. இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு தலையில் கைவைக்கிறார்கள்.

லினக்ஸ் நிறுவியை எழுதிய பென்டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்தியதும் ஆப்ஷன் விசையைப் பிடித்திருங்கள். திரையில் வரும் 'இஎஃப்ஐ பூட்' படம்தான் உங்கள் பென்டிரைவ். படமே வரவில்லையா? 2006 கடைசியில் வந்த மேக்புக்காக இருக்கலாம். அதில் பிராசஸர் 64 பிட், ஃபர்ம்வேர் மட்டும் 32 பிட்! 32 பிட் இஎஃப்ஐ பூட்லோடரும் உள்ள லினக்ஸைத் தேடுங்கள்.

மேக்ஓஎஸ்ஸும் இருக்கட்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு 'ரீஃபைண்ட்' என்ற பூட் மேனேஜர். ஒவ்வொரு முறையும் எந்த சிஸ்டம் வேண்டும் என்று படம் போட்டுக் கேட்கும். எல் கேப்பிடன் முதலான மேக்ஓஎஸ்ஸிலிருந்து அதை நிறுவினால் பாதுகாப்புப் பூட்டு தடுக்கும். கமாண்ட், ஆர் விசைகளைப் பிடித்து ரிகவரிக்குள் போய் அங்கிருந்து நிறுவுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிடாதீர்கள்; பூட்லோடர் குடியிருப்பதே அந்த 200 எம்பி இடத்தில்தான்.

மேக்ஓஎஸ் அப்டேட்டுக்குப் பின் ரீஃபைண்ட் காணாமல் போனால் பதறவேண்டாம். பூட் வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். மறுபடி நிறுவினால் வந்துவிடும்.

பல மாடல்களில் பிராட்காம் வைஃபை உடனே வேலை செய்யாது. டிரைவர் இறக்கும்வரை போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி இணையம் எடுத்துக்கொள்ளுங்கள்.