கர்ப்பகாலத்தில் கீமோ மருந்து கலக்கச் சொன்னால் மறுக்கலாமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையின் புற்றுநோய் டே-கேர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கீமோ மருந்துகளை நாங்களே கலக்குகிறோம். தனி அறை கிடையாது. நர்ஸ் ஸ்டேஷன் மேஜையில், ஒற்றைக் கையுறையும் சாதாரண மாஸ்க்கும்தான். இப்போது எனக்கு இரண்டு மாதம். வேறு வார்டு கேட்டால், "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?" என்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். மறுத்தால் வேலை போய்விடுமா?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் பயம் முழுக்க நியாயமானது. இந்த மருந்துகளைக் கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரில் மரபணுவைப் பாதிக்கும் தன்மை இருப்பதை 1979-லேயே பின்லாந்து ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதிவிட்டார்கள். நீங்கள் தினமும் கையாளக்கூடிய சைக்ளோபாஸ்பமைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. மருந்துக் குப்பிக்குள் காற்றைச் செலுத்திவிட்டு ஊசியை உருவும்போது, கண்ணுக்குத் தெரியாத திவலைகள் தெறிக்கும். சர்ஜிக்கல் மாஸ்க் அதைத் தடுக்காது. பாதுகாப்புக் கேபினெட், இரட்டைக் கையுறை, பின்பக்கம் கட்டும் கவுன் எல்லாம் இதற்காகத்தான்.

மகப்பேறு பற்றிய சட்டப் பிரிவை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய வேலையைத் தரக்கூடாது என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அது பிரசவத் தேதிக்கு ஏறத்தாழ பத்து வாரம் முன்புதான் தொடங்குகிறது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில்தான் இந்த மருந்துகளின் ஆபத்து அதிகம். அந்தக் காலத்துக்கு அந்தப் பிரிவு உதவாது. இது சட்டத்தில் உள்ள பெரிய குறை, திருத்தப்பட வேண்டும்.

உங்களுக்குக் கைகொடுப்பது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020. நோயோ காயமோ உண்டாக்கக்கூடிய ஆபத்து இல்லாமல் பணியிடத்தை வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. பாதுகாப்புச் சாதனத்துக்கு உங்களிடம் காசு பிடிக்கவும் கூடாது. பணியிட ஆபத்து பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை 14-ஆம் பிரிவு தருகிறது. உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்துக்கும் இந்தச் சட்டப்படி நியமிக்கப்படும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆயாம்மாக்களையும் மறந்துவிடாதீர்கள். காலி மருந்துக் குப்பிகளை மஞ்சள் பையில் அள்ளுபவர்கள் அவர்கள்தான். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, அவர்களுக்கும் பாதுகாப்பு உடையும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் தர வேண்டும்.

எடுத்த எடுப்பில் "செய்ய மாட்டேன்" என்று வாயால் சொல்லிவிடாதீர்கள். கீழ்ப்படியவில்லை என்று மெமோ கொடுப்பார்கள். மகப்பேறு மருத்துவரிடம் சான்று வாங்கி, இன்றே கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்னென்ன மருந்துகள், எங்கே, எந்தப் பாதுகாப்போடு கலக்கிறீர்கள் என்பதை எழுதி, மருந்து கலக்காத வார்டுக்குத் தற்காலிக மாற்றம் கேளுங்கள். கையில் மருந்து சிந்திய நாள் இருந்தால் தேதியோடு குறிப்பிடுங்கள். பல வருடம் கழித்து நோய் வந்தால், இந்த வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்க எழுத்திலுள்ள பதிவுதான் கை கொடுக்கும்.

பதில் வராவிட்டால் அதே மனுவை ஆய்வாளருக்கு அனுப்புங்கள். வேலையை விட்டு நிறுத்தினால், அதைத் தொழில் தகராறாகத் தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் கொண்டுபோகலாம். நீங்களாகவே விலகியதாகக் காட்ட ராஜினாமா கடிதம் கேட்பார்கள். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.