தெள்ளுப்பூச்சிக்கும் நன்றியா?

கேள்வி: கொரி டென் பூம் எழுதிய 'தி ஹைடிங் பிளேஸ்' வாசித்தேன். நாசி வதைமுகாமில் தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி சொன்னார்களாம்! 1981 தமிழர் விரோதக் கலவரத்தில் இரத்தினபுரிப் பக்கம் எங்கள் லயத்துக்குத் தீ வைத்தார்கள். உடுத்த துணியோடு இறப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிந்த அம்மாச்சி, இன்றும் தினமும் நன்றி சொல்லித்தான் ஜெபிக்கிறார். எனக்கோ மனம் வரவில்லை. என் விசுவாசம் குறைவா?
– ஒரு வாசகி, எஹலியகொட

பதில்: இல்லை. கொரிக்கே முதலில் மனம் வரவில்லையே! யூதர்களை வீட்டில் மறைத்து வைத்ததற்காக, 1944 பெப்ரவரியில் ஹார்லெம் நகரில் அவர் குடும்பம் பிடிபட்டது. ராவென்ஸ்புருக் முகாமில், தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி சொல்லச் சொன்னவர் அக்கா பெட்சி. அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வரவில்லை, அதனால்தான் பெண்கள் கூடி வேதம் வாசிக்க முடிந்தது என்பது பிறகே தெரிந்தது. பெட்சி அந்த டிசம்பரிலேயே முகாமில் இறந்தார். அவர்களுடைய நன்றி நாசிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

அம்மாச்சியும் 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததற்கோ, 1981 ஆகஸ்டில் வைத்த தீக்கோ நன்றி சொல்லவில்லை. அன்றிரவு யார் கதவைத் திறந்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்று அவரிடமே கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நன்றிக்குக் காரணம் அதில் கிடைக்கலாம். கிடைக்கும்வரை கோபத்தோடே ஜெபியுங்கள். சங்கீதப் புத்தகத்தில் துதி மட்டுமா இருக்கிறது? முறையீடும் ஏராளம்.