செலிப்ரேட் என்னும் சொல்

ஆங்கிலக் கட்டுரை எழுத அமர்ந்தால் நம் பேனா முனையில் தானாக வந்து நிற்கும் சொற்களுள் ஒன்று 'செலிப்ரேட்'. தீபாவளி, பிறந்த நாள், பள்ளி ஆண்டு விழா என எல்லாவற்றிற்கும் அதுவே. 'கொண்டாடு' என்ற பொருளைக் கண்டதும் அகராதியை மூடிவிடுகிறோம். சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

இலத்தீன் மொழியில் 'செலபெர்' என்றால் மக்கள் திரண்டு வருகின்ற என்று பொருள். அதிலிருந்து வந்த வினைக்குத் திரளாகக் கூடுதல், கூடிச் சடங்கை நிறைவேற்றுதல், பலரறியப் புகழ்தல் என்னும் பொருள்கள் உண்டு. ஆங்கிலத்திலும் 15-ஆம் நூற்றாண்டில் இச்சொல் வழிபாட்டை நிறைவேற்றுவதைக் குறித்தது. விருந்தும் வேடிக்கையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. குருவானவர் திருப்பலி நிறைவேற்றுவதை இன்றும் 'செலிப்ரேட்ஸ் மாஸ்' என்பது இதனால்தான்.

பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லை. ஆயினும் அன்றைய வழிபாட்டுக்கு ஆங்கிலத் திருப்பலி நூலில் உள்ள தலைப்பு 'செலிப்ரேஷன் ஆஃப் த பேஷன் ஆஃப் த லார்ட்'. துக்க நாளில் கொண்டாட்டமா என்று திகைக்க வேண்டாம். கூடி நிறைவேற்றுதல் என்ற பழைய பொருளே அங்கு நிற்கிறது. ஆனால் நம் கட்டுரையில் 'வி செலிப்ரேட்டட் குட் ஃபிரைடே' என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் புத்தாடையும் பலகாரமுமே தோன்றும். அங்கு 'அப்ஸர்வ்' என்பதே பொருந்தும், தமிழில் அனுசரித்தல். 1948-இல் காந்தியடிகள் சுடப்பட்டு உயிர் நீத்த ஜனவரி 30-ஐயும் அப்படியே அனுசரிக்கிறோம்.

'கொண்டாடு' என்ற நம் சொல்லும் இலேசானதன்று. பக்கத்து நிலத்துக்கு ஒருவன் சொந்தம் கொண்டாடினால் ஆங்கிலத்தில் அது 'கிளெய்ம்'. மாமியார் மருமகளைத் தலையில் வைத்துக் கொண்டாடினால் (அபூர்வந்தான்!) அங்கும் 'செலிப்ரேட்' உதவாது.

இலக்கணம் எளிது. 'செலிப்ரேட்' செயப்படுபொருளை நேராகவே ஏற்கும். 'வி செலிப்ரேட் கிறிஸ்மஸ்' போதும், நடுவில் 'ஃபார்' வேண்டாம். 'எ செலிப்ரேட்டட் சிங்கர்' என்றால் புகழ்பெற்ற பாடகி. அவருக்கு யாரும் விழா எடுத்திருக்க வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டலில் மட்டும் விழிப்பு வேண்டும். மணவாழ்வைத் துறந்தவரைக் குறிக்கும் 'செலிபேட்' வேறு வேரிலிருந்து வந்தது. நம் அருட்சகோதரியரைப் பற்றி எழுதும்போது இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், தாளைத் திருத்துபவர் சிரிப்பதா சினப்பதா என்று தவித்துப் போவார்.