நின்று உதவுவதே கடமை



திருவாரூரில் பசுங்கன்று ஒன்று இளவரசனின் தேர்க்காலில் சிக்கி மாண்ட வரலாற்றை நாம் சிறு வயது முதல் அறிவோம். மனுநீதிச் சோழனின் தீர்ப்பை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால், இளவரசன் தேரைச் செலுத்திக்கொண்டு போய்விடவில்லை, அங்கேயே கலங்கிப் புலம்பினான் என்பதை மறந்துவிடுகிறோம். வாகனம் ஓட்டும் நமக்குரிய பாடம் அதில்தான் இருக்கிறது.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 52ஆம் பிரிவில், நிற்பதையே கடமையாக விதிக்கிறது. விபத்தில் ஆளுக்கோ, விலங்குக்கோ, வாகனத்துக்கோ, பிறர் உடைமைக்கோ கேடு நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை:

1. வண்டியை நிறுத்த வேண்டும்.

2. தக்க காரணத்தோடு கேட்பவருக்குத் தம் பெயர், முகவரி, வண்டியின் உரிமையாளர் விவரம், வண்டி எண் ஆகியவற்றைத் தர வேண்டும்.

3. தம்மால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும்.

4. அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், புகார் செய்ய வேண்டும்.

உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்திருந்தால், போலீஸ் அனுமதியின்றி வண்டியை நகர்த்தக் கூடாது. சிக்கியவரை மீட்பதற்கு நகர்த்தலாம்.

“தவறு என்னுடையதன்று, நான் ஏன் நிற்க வேண்டும்?” என்று சிலர் கேட்பர். யார் தவறு என்பது வேறு. நிற்காமல் போவது தனிக் குற்றம். சிவப்பு விளக்கை மீறி வந்த மோட்டார் சைக்கிளோட்டி நம் காரில் மோதினால், நம்மீது பழி இல்லாதிருக்கலாம். அவரைக் கிடந்தபடி விட்டுச் சென்றால், அந்த நொடியிலிருந்து நாம் குற்றவாளி. முதல் தடவைக்கே 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கண்மூடித்தனமாக ஓட்டி உயிர் பறித்ததற்கான தண்டனை இதனினும் மிகக் கடுமையானது. அது வேறு பிரிவில் வரும்.

24 மணி நேரம் என்பது ஓடி ஒளியக் கிடைத்த தவணை அன்று. அது புகார் செய்வதற்கான கடைசி எல்லை மட்டுமே. நிற்பதற்கும் உதவுவதற்கும் தவணையே கிடையாது.

கூட்டம் கூடி அடிக்கும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுபவர் போக வேண்டிய இடம் வீடு அன்று; நேரே காவல் நிலையம். ஆம்புலன்சுக்கு 999 எண்ணில் உடனே சொல்லிவிட வேண்டும். இரத்தம் பெருகிக் கிடப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

தைப்பூசக் காலத்தில் இரவெல்லாம் சாலையோரம் நடந்து வரும் அடியார்கள் எத்தனை பேர்! பிள்ளைகளிடம் கார்ச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர், இந்த நான்கு கடமைகளையும் சேர்த்தே கொடுப்பார்களாக.