கடல்நீர்க் காட்சித் தொட்டிக்கேற்ற கல்

பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் அமைக்கப்படும் கடல்நீர்க் காட்சித் தொட்டியில் கல் வெறும் அலங்காரப் பொருளன்று. மீன்கள் வெளியிடும் அம்மோனியா அவற்றிற்கே நஞ்சாகும். கல்லின் மேற்பரப்பில் குடியேறும் நுண்ணுயிர்கள் இவ்வம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உயிர்வளி எட்டாத உள்துளைகளில் வாழும் வேறு சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆதலின் நுண்துளை மிகுந்த கல்லே சிறந்தது. தகாத கல்லோ, தொட்டியிலுள்ள உயிர்கள் அனைத்தையும் மாய்த்துவிடக் கூடும்.

பவழக்கல் ஆகாது

கரையோரத்துப் பவழக்கல்லை எடுத்து வருவதே செலவற்ற வழி எனப் பலருக்குத் தோன்றும். அது சட்டப்படி குற்றமாகும். பாறை அமைக்கும் பவழங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கட்சு வளைகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல்சார் தேசியப் பூங்காக்கள் அமைந்ததும் இவ்வுயிர்ச் செல்வத்தைக் காப்பதற்கே. உயிரற்ற பவழமும் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கிறது. அதனைப் பெயர்த்து வந்து மாணவர் முன் வைக்கும் ஆசிரியர், தாம் சொல்லும் பாடத்திற்கு மாறான பாடத்தையே கற்பிப்பவராவார்.

கிடைக்கும் கற்கள்

சௌராஷ்டிரப் பகுதியில் போர்பந்தர்க் கல் எனப்படும் சுண்ணாம்புக்கல் கட்டடங்களுக்குப் பயன்படுகிறது. பண்டைக் கடலுயிர்களின் நுண்ணிய ஓட்டுத் துகள்கள் இறுகியே இக்கல் உண்டாயிற்று. அறுப்பில் கழிந்த துண்டுகளே தொட்டிக்குப் போதும். நன்னீர்த் தொட்டியில் சுண்ணாம்புக்கல் நீரின் கடினத்தன்மையை மிகுவிக்கும். கடல்நீரின் பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை இருக்குங்கால் அது பெரும்பாலும் கரைவதில்லை.

தக்காணத்துக் கருங்கல்லாகிய பசால்ட்டு நீரில் கரையாது. குமிழித்துளை உள்ள வகை விரும்பத்தக்கது. ஆயினும் துளைகளில் நிறமுள்ள படிகங்கள் நிரம்பிய துண்டுகளை விலக்குக. மேற்குக் கடற்கரையின் செம்பூரான் கல் இரும்பு மிகுந்தது, களிமண்ணாய் உதிர்வது, ஆகவே ஏற்றதன்று. உரமிடப்பட்ட வயல்களில் கிடந்த கல் பாஸ்பேட்டை வெளிவிட்டுப் பாசியை வளர்க்கும்.

மூன்று சோதனைகள்

1. பார்வைச் சோதனை: பச்சை அல்லது நீலக் கறை தாமிரத்தைக் காட்டும். மீன் தாங்கும் தாமிர அளவே இறால், நட்சத்திரமீன் போன்றவற்றைக் கொன்றுவிடும். பொன்போல் மின்னும் துகள்கள் இரும்புக் கந்தகக் கனிமமாகலாம். துருக்கறையுள்ள கல்லும் வேண்டா.

2. அமிலச் சோதனை: கல்லின்மீது சில துளி வினிகரை விடுக. நுரைத்தால் அது கார்பனேட்டுக் கல். எனினும் நுரைப்பது ஒன்றே நற்சான்று ஆகாது. பச்சைத் தாமிரக் கனிமமாகிய மாலகைட்டும் கார்பனேட்டே. அமிலத்தில் அதுவும் நுரைக்கும்.

3. ஊறல் சோதனை: ஒரே கடல்நீரை இரு பிளாஸ்டிக் வாளிகளில் நிரப்பி, ஒன்றில் மட்டும் கல்லை இட்டு ஒரு வாரம் வைக்கவும். பின் இரண்டின் பி.எச்., அம்மோனியா, பாஸ்பேட்டு அளவுகளை ஒப்பிடுக. வேறுபாடு தோன்றின் அக்கல்லை ஏற்கலாகாது. ஒப்பீட்டு வாளியின் இன்றியமையாமையை மாணவர் இதனால் எளிதில் உணர்வர்.

செயற்கைக் கல்

நல்ல கல் கிடைக்காத இடங்களில் சிமெண்டு, நொறுக்கிய சிப்பி ஓடு, கல்லுப்பு ஆகியவற்றைப் பிசைந்து கல் வார்க்கலாம். உப்பு கரைந்தபின் துளைகள் எஞ்சும். புதிய சிமெண்டு நீரின் காரத்தன்மையைப் பெரிதும் உயர்த்துவதால், நன்னீரை அடிக்கடி மாற்றிப் பல வாரங்கள் ஊறவைத்து, பி.எச். அளவு கடல்நீரின் அளவுக்கு இறங்கிய பின்னரே பயன்படுத்துக.

தூய்மையும் அடுக்குதலும்

கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்துதல் போதும். கொதிக்க வைத்தல் கூடாது. உள்ளே அகப்பட்ட நீர் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். கல்லில் ஒட்டிய சிலவகைக் கடலுயிர்களின் நஞ்சு ஆவியோடு பரவி மனிதருக்கும் கேடு செய்யும். சலவைத் தூளையும் அமிலத்தையும் ஒருபோதும் கலத்தல் ஆகாது. குளோரின் வாயு உண்டாகும்.

மணலைப் பரப்புமுன் கல்லைத் தொட்டியின் அடித்தளத்தில் அசையாமல் நிறுத்துக; மணல்மேல் வைத்த கல், மீன் குழி தோண்டுங்கால் சரிந்து கண்ணாடியை உடைக்கும். உலர்ந்த கல்லில் நுண்ணுயிர்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுப்போன பின்னரே மீனை விடுதல் வேண்டும்.