கணிப்பொறியில் இறங்காத கடிதங்கள்

தேசிய ஒளியிழைப் பிணையத்தில் இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டம் என்னும் சிறப்பு 2015 ஜனவரியில் இடுக்கிக்குக் கிடைத்தது. கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூனில் தொடங்கப்பெற்றது. எனினும், ஊருக்கு இணைப்பு வருவது வேறு, மேசைக் கணிப்பொறியில் கடிதம் வந்து இறங்குவது வேறு. தேவிகுளத்திலோ, பாலக்காட்டை ஒட்டிய சித்தூரிலோ ஓர் அலுவலகத்தில் புதிய அஞ்சல்கள் நான்கு நாட்களாக வரவில்லையெனில், பழி முதலில் மழையின் மீதும் கம்பியின் மீதுமே விழுகின்றது. உதவித்தொகை விண்ணப்பத்தின் குறையைத் திருத்தக் கோரும் கடிதத்திற்கோ கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

மின்னஞ்சல் நேரே மேசைக்கு வருவதில்லை. சர்வர் எனப்படும் வழங்கியில் அது தங்குகின்றது. அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்கள் அங்கு சென்று அதனை எடுத்து வருகின்றன. இதற்கு இரு நெறிமுறைகள் உள்ளன. 1984-இல் தோன்றிய ‘பாப்’ கடிதத்தைக் கணிப்பொறிக்கு இறக்குவது. 1986-இல் உருவான ‘ஐமேப்’ கடிதத்தை வழங்கியிலேயே வைத்துக்கொண்டு காட்டுவது. இந்த வேற்றுமை பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

ஆகவே முதற்சோதனை எளியது. அதே கணக்கை உலாவியில் திறந்து பார்க்கவேண்டும். புதிய கடிதம் அங்கும் இல்லையெனில், சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, அஞ்சலுக்கு மட்டுமன்றிப் புகைப்படங்களுக்கும் பொதுவானது. கடிதம் அங்கு இருப்பின், கம்பியின் மீது குற்றமில்லை. குறை மென்பொருளுக்கும் வழங்கிக்கும் இடையிலேயே உள்ளது.

அண்மைக்காலத்தில் மிகப் பலரைத் தடுத்தது கடவுச்சொல்தான். வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு பழைய மென்பொருள்கள் நுழைவதைக் கூகுள் 2022 மே இறுதியிலும், அலுவலகக் கணக்குகளில் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதலும் நிறுத்தத் தொடங்கின. சரியான கடவுச்சொல்லே திரும்பத் திரும்பத் தவறெனப்படுவதன் காரணம் இதுவே. புதிய பதிப்பை நிறுவி, உலாவிவழி அனுமதி பெறுவதே தீர்வு.

மலைப்பகுதிகளில் கவனிக்கவேண்டிய மற்றொரு காரணம் உண்டு. அதனை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை. பழைய கணிப்பொறியினுள் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று கடிகாரத்தை ஓடச் செய்கின்றது. அது தீர்ந்துவிட்டால், மழைக்காலத்தில் மின்சாரம் நின்று மீளும்போதெல்லாம் பொறியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். வழங்கி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வராதது என அப்பொறி கருதி, இணைப்பை மறுத்துவிடும். திரையில் தோன்றுவது ‘இணைக்க இயலவில்லை’ என்பது மட்டுமே. பயனாளர் தொலைபேசி அலுவலகத்தில் புகார் எழுதுகின்றார்! தேதியைத் திருத்தினால் கடிதங்கள் இறங்கும். ஆயினும் மின்கலத்தை மாற்றாதவரை அடுத்த மின்வெட்டில் அதே நிலைதான்.

இவை தவிர, மென்பொருள் ‘இணைப்பற்ற’ நிலையில் விடப்பட்டிருத்தல், துறை எண் பிழையாயிருத்தல் (பாப் 995, ஐமேப் 993), நச்சுநிரல் தடுப்பான் குறுக்கிடுதல், வன்தட்டு நிரம்பியிருத்தல் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

எதுவும் பலிக்காதபோது, ‘கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்கவும்’ என்னும் அறிவுரை வரும். ஐமேப் கணக்கில் அஞ்சல்கள் வழங்கியிலிருந்து மீண்டும் வந்துவிடும். பாப் கணக்கில் அவ்வாறன்று. அமைப்பைப் பொறுத்து, இறக்கிய உடனேயோ சில நாட்களிலோ வழங்கியிலுள்ள படி அழிக்கப்படுவதால், பல ஆண்டுக் கடிதங்களுக்கு அந்த ஒரு கணிப்பொறியே இருப்பிடமாக இருக்கக்கூடும். நீக்கும்போது ‘செய்திகளையும் அழி’ என்னும் கட்டத்தில் தவறிக் குறியிட்டாலோ, பழுதுபார்ப்பவர் வன்தட்டை ஃபார்மட் செய்துவிட்டாலோ கோப்பு முழுவதும் போய்விடும். ஆதலின் எதனையும் தொடுமுன் மென்பொருளை மூடிவிட்டு, அஞ்சல்கள் சேர்ந்துள்ள கோப்புறையை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, அந்தப் படி திறக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கெடு நெருங்கிய கடிதத்திற்கு அன்றே உலாவியிலிருந்து மறுமொழி அனுப்பிவிடலாம்.